இரண்டு தண்ணீர், இரண்டு வழி



குடும்ப நலம் என்றால் ஆபரேஷனும் காப்பர்-டியும்தான் என்று பலர் நினைக்கிறீர்கள். பெற்ற பிள்ளை நோயில்லாமல் வளர்வதும் குடும்ப நலம்தான். அதற்கு, வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று புருஷன் பெண்சாதி இருவரும் சேர்ந்து பார்க்கணும்.

எண்ணூர், நெட்டுக்குப்பம், காட்டுப்பள்ளிப் பக்கம் மணல் தரை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் மேலே வரும். கக்கூஸ் தொட்டி கசிந்தால் அடிபம்புத் தண்ணீரில் கலந்துவிடும். அதைக் குடிக்கிற பிள்ளைக்குப் பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வரலாம்.

வீட்டில் இரண்டு வகைக் கழிவுநீர் உண்டு. கக்கூஸ் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகட்டும். குளித்த, துவைத்த தண்ணீரை வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிடுங்கள். அதுவும் டேங்குக்குள் போனால், அசடு அடியில் படிய நேரம் இல்லாமல் வெளியே தள்ளப்படும்.

டேங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மலத்தைத் தின்று குறைக்கின்றன. ஆசிட், பினாயில் நிறைய ஊற்றினால் அந்த வேலைக்காரர்கள் செத்துப்போவார்கள். துணி, நாப்கின், பிளாஸ்டிக் போடவே கூடாது. காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். டேங்கிலிருந்து வெளிவரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி நிறைந்தது. அதைத் தெருச் சலதாரையில் விடாதீர்கள். உறிஞ்சு குழிக்கு விடுங்கள். குடிதண்ணீர்க் கிணறோ பம்போ அதிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கணும். இடம் இல்லையென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன்பே, அசடை எடுத்துவிடணும். உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணிலும் கேட்கலாம். எடுத்ததை ஓடையிலோ கொசஸ்தலை ஆற்றிலோ கொட்ட விடாதீர்கள். அங்கே நம் ஆட்கள்தான் இறால் பிடிக்கிறார்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள். ‘நானூறு ஐந்நூறு கொடுத்தால் ஆள் இறங்குவான்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. இறங்கியவர் நொடியில் சாய்வார், தூக்கப்போனவரும் சாய்வார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பா திரும்ப வருவாரா?

பிள்ளைக்குப் பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே தூக்கி வாருங்கள்.

இன்று சாயங்காலமே இருவரும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். டேங்க் மூடியில் வெடிப்பு இருக்கிறதா? குழாயில் வலை இருக்கிறதா? கடைசியாக அசடு எடுத்தது எந்த வருஷம்? அந்த வருஷத்தைச் சுவரில் எழுதிவையுங்கள்.