கோடு தானாக இறங்காது

 

1971இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தார்கள். 2020இல் அது 13. அதே ஆண்டில் இந்திய சராசரி 28. தடுப்பூசியும், இரவிலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், 108 ஆம்புலன்சும், படித்த தாய்மாரும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது.

நம் தருமபுரிக்கு இதில் ஒரு தனி வலி உண்டு. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மாவட்டம் என்று நாடே நம்மைச் சுட்டிய காலம் இருந்தது. பக்கத்துச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். அங்கிருந்து நாம் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறோம்.

இனி என்ன ஆகும்? தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் 49 ஆண்டுகளில் 100 குறைந்தது; ஆண்டுக்கு ஏறத்தாழ 2. அப்படியே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால், 2027இல் ஒரு குழந்தைகூடச் சாகாது என்று வரும்! அது நடக்காது. விகிதம் குறையக் குறைய, ஒவ்வொரு உயிரையும் மீட்பது கடினமாகிறது. ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால், பழைய வேகம் நீடித்தால்கூட 2030இல் 8 அல்லது 9 என்றுதான் வருகிறது. அந்த வேகமும் தானாக நீடிக்காது.

ஏன்? அன்று பிள்ளைகளைக் கொண்டுபோனவை வயிற்றுப்போக்கு, நிமோனியா, ரணஜன்னி. உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஊசியும் அவற்றை விரட்டின. இன்று நடக்கும் இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முதல் மாதத்தில் நடக்கின்றன. அதிலும் பெரும்பகுதி முதல் வாரத்தில். காரணங்கள்: குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறந்ததும் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, பிறவிக் குறைபாடு. இவற்றில் பலவற்றின் வேர் பிரசவ அறைக்கு வெளியே இருக்கிறது: பதினாறு வயதில் நடக்கும் கல்யாணத்தில், தாயின் ரத்தசோகையில், சித்தேரி மலையிலிருந்து இறங்கிவர ஆகும் நேரத்தில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் பிரசவம் நடக்கும் ஒரு வட்டாரத்தில் ஓர் ஆண்டு 9 இறப்பு, மறு ஆண்டு 16 என்றால், அது தற்செயலாகவும் இருக்கலாம். 9 வந்ததும் மாலை போடுவதும், 16 வந்ததும் செவிலியரைத் திட்டுவதும் நியாயமல்ல. மூன்றாண்டுச் சராசரியைப் பாருங்கள். ஒவ்வொரு இறப்பும் எத்தனையாவது நாளில், எந்தக் காரணத்தால் என்று பாருங்கள். திட்டு வருமென்று பயந்து மறைக்கப்படும் ஒவ்வொரு மரணமும் அடுத்த குழந்தையைக் காக்கும் வழியை அடைத்துவிடும்.

பெரியோர்களே, தாய்மார்களே! பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்காதீர்கள். முதல் மணி நேரத்திலேயே சீம்பாலைக் கொடுங்கள். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்து வையுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் தாலி ஏற விடாதீர்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரில் மூன்றாண்டுகளில் எத்தனை பிறப்பு, எத்தனை சிசு இறப்பு, அவற்றில் தடுத்திருக்கக் கூடியவை எத்தனை? பெயர் வேண்டாம், காரணம் போதும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு ஊரும் கேட்டால், 2030இன் கணக்கை எழுதப்போவது நாம்தான்.