ஒரு நாள் வனப் பயணம்

வனவிலங்குகளைக் காண வேண்டும் என்ற ஆவல் எழுந்தவுடன், மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் வாழும் நாம் முதுமலையையும் பந்திப்பூரையுமே எண்ணுகிறோம். மூன்று நாள் விடுமுறையில் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்துவிடும். எஞ்சிய பொழுதில் ஜீப்பின் இரைச்சலுக்கு அஞ்சி ஓடிய யானையின் வாலை மட்டும் கண்டு திரும்பியவர்கள் சிலரை நான் அறிவேன். ஆகவே ஒரே நாளில் முடியக்கூடிய பயணம் ஒன்றைச் சொல்கிறேன். ஜனவரி மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று கிண்டிச் சிறுவர் பூங்காவிற்கு விடுமுறை.

காலைப் பொழுது கிண்டிக்கு உரியது. சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள அக்காடு 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் உட்பகுதிக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். முன்னதாகவே விண்ணப்பம் செய்தல் நன்று. அங்குள்ள இரு மான்களை வேறுபடுத்தி அறியுங்கள். புள்ளிமான் புதரோரத்தில் வாழும். முறுக்கிய கொம்பும் கருமேனியும் உடைய ஆண் வெளிமானுக்கோ, பெயருக்கேற்ப, திறந்த புல்வெளி வேண்டும். கூரிய கண்ணும் ஓட்டமுமே அதற்குக் காவல். புல்வெளியில் புதர் மண்டினால் புள்ளிமானுக்குக் கேடில்லை. வெளிமானுக்கு வாழ்வே சுருங்கிவிடும். காட்டைக் காப்பது என்றால் மரம் வளர்ப்பது மட்டும்தான் என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

நண்பகலுக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள். செங்கற்பட்டு வரை மின்சார ரயில் உண்டு. அங்கிருந்து பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ வேடந்தாங்கலை அடையலாம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மாலை மூன்றரை மணிக்கு ஏரிக்கரையில் நின்றால் போதும். இரை தேடிச் சென்ற பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சியைக் காணலாம்.

வேடனின் பெயர் தாங்கிய அவ்வூர் பறவைகளுக்குப் புகலிடமானது விந்தையன்றோ! பறவைகளைச் சுட்டுத் திரிந்தோர் மீது ஊரார் முறையிட, 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். ஊராரின் பரிவில் கணக்கும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. பறவைக்கும் அந்த நீரே அரண். நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டினால், கீழிருந்து ஏறிவரும் பகைவர் குறைவு. எனவே வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் வருவது குறைந்துவிடும். பயணத்தை முடிவு செய்யுமுன் ஏரியில் நீர் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியைவிட அதுவே முக்கியம்.

பளிச்சென்ற வண்ண ஆடைகளைத் தவிருங்கள். பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா என்று எல்லாவற்றையும் பட்டியலிட முயன்று களைத்துப்போக வேண்டியதில்லை. தொலைநோக்கி ஒன்றை நண்பர் நால்வர் பகிர்ந்துகொண்டு, குஞ்சுகள் உள்ள ஒரே கூட்டை அரைமணி நேரம் நோக்குங்கள். தாயும் தந்தையும் எத்தனை முறை இரையுடன் வந்தன, எந்தக் குஞ்சு முந்திக்கொண்டு அலகை நீட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் கரையிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஊருக்குத் திரும்பும் வண்டி நேரத்தை வந்தவுடனேயே கேட்டு வைத்துக்கொள்வது நலம்.