படம் படிக்கும் பொறியும் நம் பிள்ளைகளும்
(புனே தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பொறியியற் பட்டம் பெற்றதும் ஹிஞ்சவடியில் ஒரு வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். புனேயில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றின் எண்ணம் இதுவே. அதில் பிழையில்லை. ஊரை விட்டு வந்தவர்க்கு நிலையான வருவாயே முதல் தேவை. ஆயினும், சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், கைக்கு வந்த வேலையை விடுத்து, மருத்துவப் படங்களைக் கணிப்பொறி கொண்டு ஆராயப் போவதாகக் கூறினாள். அவளுடைய தந்தையார் என்னிடம் வந்து, "ஐயா, ஐந்து ஆண்டுகள் வீணாகிவிடாவா?" என்று கவலையோடு வினவினார். அவருக்குக் கூறிய விடையையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

கணிப்பொறிக்குக் கண் இல்லை, எண்கள்தாம் உண்டு. படத்தைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் நிறத்தையும் எண்ணாக்கி அதற்கு ஊட்டுகின்றோம். 'இது நோயுற்ற விழி. இது நலமுள்ள விழி' என்று மருத்துவர் குறித்துத் தந்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டக் காட்ட, அது வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது. நீரிழிவால் விழித்திரைக்கு நேரும் கேட்டைக் கண்டறிய, கூகுள் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,28,000 படங்களைக் கொண்டு ஒரு பொறியைப் பழக்கி, 2016இல் முடிவை வெளியிட்டனர். அப்பணிக்குப் படங்கள் தந்தவற்றுள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னைச் சங்கர நேத்ராலயாவும் உண்டு.

அத்துடன் வேலை முடிந்துவிட்டதோ? இல்லை. அதே முறையைத் தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைப் பொறி ஏற்க மறுத்தது. அறையின் வெளிச்சம் போதாமையே முக்கிய காரணம். ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவி, நோயாளிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் திணறியது. அந்த இடைவெளியில்தான் ஆராய்ச்சி மாணவருக்கு வேலை இருக்கிறது.

அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ண வேண்டா. நம் மராட்டிய மாநிலத்து நாந்தேடில், ஒரு கண் மருத்துவ நிலையத்தில் எடுத்த 516 விழித்திரைப் படங்களைத் தொகுத்து, அவ்வூர்ப் பொறியியற் கல்லூரி ஆய்வாளர்கள் 2018இல் உலகுக்கு அளித்தனர். இன்று பல நாட்டார் தங்கள் பொறிகளை அவற்றைக் கொண்டு சோதிக்கின்றனர். ஹைதராபாத்திலுள்ள தகவல் தொழில்நுட்பக் கழகத்தார், இந்தியர் 100 பேரின் மூளைப் படங்களிலிருந்து நம்மவர்க்கென ஒரு மூளை வரைபடம் சமைத்து 2019இல் வெளியிட்டனர். மேனாட்டார் மூளையை அளவுகோலாக வைத்து நம்மவர் மூளையை அளப்பது பொருந்தாது என்பதே அதன் உட்கருத்து.

வாய்ப்புகள் தொலைவில் இல்லை. இப்புனேயிலேயே சி-டாக் நிறுவனத்தில் 'பரம் சித்தி-ஏஐ' என்னும் மீக்கணிப்பொறி இருக்கிறது. 2020இல் அது உலக வரிசையில் 63ஆம் இடம் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் மருத்துவத்திற்கும் தொழில்நுட்பத்திற்கும் பாலமாகத் தனித் துறை ஒன்றைத் தொடங்கியது. முதுநிலைப் பொறியியலுக்குக் 'கேட்' தேர்வு வாயில். தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறுவோர்க்கு, 2023இல் உயர்த்திய விகிதப்படி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். ஹிஞ்சவடிச் சம்பளத்திற்கு இது ஈடாகாமற் போகலாம். எனினும், குடும்பத்திற்குச் சுமையாகாமல் படிக்க உதவும்.

இன்னொன்றும் சொல்வேன். இங்கு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், வீதியில் மராத்தி. நாந்தேடு உழவரிடமும் மதுரை மூதாட்டியிடமும், "பார்வை எப்போது மங்கத் தொடங்கியது?" என்று அவரவர் மொழியிலேயே கேட்க வல்லவர்கள் அவர்கள். நோயாளியின் சொல்லையும் மருத்துவரின் குறிப்பையும் கணிப்பொறியின் எண்ணையும் இணைத்துப் பார்ப்பவரையே இத்துறை தேடுகிறது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இவ்வழியை விரும்பினால், "வேலை என்னாயிற்று?" என்று கேட்குமுன், "எந்த நோயை ஆராயப் போகிறாய்?" என்று கேளுங்கள். நான் சொன்ன தந்தையார் அவ்வாறே கேட்டார். "விழித்திரை நோய், அப்பா, பாட்டிக்கு வந்ததுதான்" என்றாள் மகள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை; விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்.