கல்லும் தோல்வாரும்

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டப் பழகும் நேயர்கள் முதலில் அறிய வேண்டுவது ஒன்று: கல்லில் கத்தியின் வாய் முன்னே செல்லும்; தோல்வாரில் முதுகு முன்னே செல்லும். வாரில் முறை மாறினால் தோலும் அறுபடும், கூரும் கெடும்.

நான் கையாளுவது பெல்ஜிய நாட்டு ஆர்டென் மேட்டுநிலத்தில் வெட்டியெடுத்த மஞ்சட் கல். அதில் நிறைந்துள்ள கார்னெட் என்னும் மணியின் நுண்துகள்களே எஃகைத் தேய்க்கின்றன. கல்லை நனைத்து, முதுகும் வாயும் ஒருங்கே படியுமாறு கத்தியைக் கிடத்தித் தள்ளுகிறேன். சாய்வை நாம் கணிக்க வேண்டுவதில்லை. முதுகின் பருமனே அதை வரையறுக்கிறது. இரண்டும் சேர்ந்தே தேய்வதால் பல்லாண்டு கழிந்தும் கோணம் பெரிதும் மாறுவதில்லை. இந்த அமைப்பை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

புதியவர் கை அழுத்தத்தான் விரும்பும். வேண்டாம், கத்தியின் எடையே ஏறக்குறையப் போதும். வார் தொய்ந்தால் வாய் மழுங்கும். ஆதலின் இழுத்துப் பிடித்தல் வேண்டும். திருப்புகையில் முதுகின்மேல் புரட்டுக.

மழுங்கிய கத்தியே அஞ்சத்தக்கது. அது மயிரை அறுக்காமல் இழுக்கும். இழுக்கவே நாம் அழுத்துவோம். அழுத்தவே தோல் கிழியும். குரல்வளையருகே இது விளையாட்டன்று. ஆகவே, கல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நாடினாலும், வாரை ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் நாடுகிறேன்.