சத்தத்தையும் அளக்கலாம்

(ஸ்டோர் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையால் இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே வந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி கடைசியில்தான் கிடைக்கும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போன தடவை இரத்தச் சோகையைப் பற்றிப் பேசினோம். இன்றைக்குச் சத்தத்தைப் பற்றிப் பேசுவோம். "சத்தத்தப் பத்திப் பேச என்னா இருக்கு, அதான் லயத்துல எந்நாளும் கேக்குதே" என்று பின்னால் ஒரு அக்கா சொல்கிறா. நல்லது அக்கா, அதிலேயே தொடங்குவோம்.

காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? சருகைக் கூட்டி நெருப்பு மூட்டி தப்பைக் காய்ச்சுகிறார்கள். தோல் இறுகினால் கணீரென்று கேட்கும். மழையில் நனைந்து தொய்ந்துபோனால் 'தொம்' என்று அடங்கிப்போகும். இறுகிய தோல் வேகமாக அதிரும், தொய்ந்த தோல் மெதுவாக அதிரும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அதிர்வு பக்கத்தில் உள்ள காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று அடுத்த காற்றைத் தள்ளுகிறது. அப்படியே நம்முடைய காதுச் சவ்வு வரைக்கும் வந்து அதையும் அதிர வைக்கிறது. ஆகவே சத்தம் என்பதும் அதிர்வு என்பதும் இரண்டு விசயம் இல்லை. ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல காதுள்ள இளம் வயதுக்காரருக்கு 20 ஹெர்ட்ஸில் இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும்.

இது ஒரு அளவு. எவ்வளவு பலமாக அதிர்கிறது என்பது மற்ற அளவு. அதற்குத்தான் டெசிபல் என்று பெயர். 1920களில் அமெரிக்காவில் டெலிபோன் வேலை செய்த இன்ஜினியர்மார் கொண்டுவந்த கணக்கு அது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் பெயரை அதற்கு வைத்தார்கள். நல்ல காதுக்குக் கேட்கக்கூடிய ஆகச் சின்ன சத்தம் 0. நாம் பக்கத்தில் இருந்து சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். ஸ்டோரில் ஒரு ரோலர் ஓடும்போது 88 டெசிபல் என்று வையுங்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ரோலரையும் ஓட விட்டால் எவ்வளவு? 176 என்று இங்கே யாரும் சொல்லமாட்டீர்கள், ஆனால் 100க்கு மேலே போகும் என்று நினைப்பீர்கள். இல்லை, 91தான். நான்கு ரோலர் ஓடினால் 94. எண் மூன்றே மூன்று ஏறினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம். "85க்கும் 88க்கும் மூணுதானே" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கொழுந்துக் கூடையை வைத்துச் சொல்கிறோம். 85இல் கூடையில் 10 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 88இல் 20 கிலோ. 91இல் 40 கிலோ. 94இல் 80 கிலோ! 10 கிலோவை எட்டு மணித்தியாலம் சுமக்கலாம் என்றால் 20 கிலோவை நான்கு மணித்தியாலம், 40 கிலோவை இரண்டு மணித்தியாலம், 80 கிலோவை ஒரு மணித்தியாலம். காதுக்கும் இதே கணக்குத்தான். ஒரு நாளைக்கு 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் என்பதைப் பல நாடுகளில் எல்லையாக எடுக்கிறார்கள். 100 டெசிபல் என்றால் அதே பாரம் கால் மணித்தியாலத்திலேயே நிறைந்துவிடும்.

கூடை கனத்தால் தலை சொல்லும், கழுத்து சொல்லும். காது சொல்லாது. எண் பத்து ஏறினால்தான் 'ரெட்டிப்பாக் கேக்குது' என்று நமக்குத் தோன்றும். அதற்குள் சக்தி பத்து மடங்கு ஆகியிருக்கும். அதனால்தான் சத்தத்தைக் காதால் மதிப்பிடாமல் மீட்டரால் அளக்க வேண்டும் என்கிறோம்.

இந்த இடத்தில் எங்களுடைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு முந்தி நாங்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில் ரோலர் பக்கம் இருபது வருசத்துக்கு மேல் வேலை செய்த ஒருவர் இருந்தார். முக்கால்வாசி இரவு வேலை. 'கூப்பிட்டா திரும்ப மாட்டார், ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்வார், வீட்டுல ரேடியோவ ஊரெல்லாம் கேக்க வைப்பார்' என்று அவருடைய சம்சாரம் வந்து அழுதா. நாங்களும் அவரைக் கூப்பிட்டு விசாரித்தோம். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனார். 'குடி, பிடிவாதம், ஒத்துழைப்பு இல்லை' என்று புத்தகத்தில் எழுதி வைத்தோம். ஒரு வருசம் கழித்து வேறு வருத்தத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் டாக்டர் காதைப் பரிசோதித்தார். இரண்டு காதிலும் மேல் சுருதிச் சத்தங்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. அந்த மனிதன் எங்கள் விசாரணையில் பாதியைக் கேட்கவே இல்லை. தலையாட்டியது மரியாதைக்கு! எழுதியதை வெட்டினோம், அவரிடம் போய் மன்னிப்பும் கேட்டோம். அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

காது எப்படிப் போகிறது தெரியுமா? உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதற்குள்ளே மயிர் முளைத்தது போன்ற நுண்ணிய கலங்கள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 உண்டு. புல்லுக்குள்ளே ஒரு தடவை நடந்தால் புல் படுத்துவிட்டு அடுத்த நாள் எழும்பும். எந்நாளும் அதே வழியில் நடந்தால் ஒற்றையடிப் பாதையாகிவிடும், பிறகு புல்லே வராது. இந்தக் கலங்களும் அப்படித்தான். செத்தது திரும்ப முளைக்காது, எந்த மருந்தும் இல்லை. வேலை விட்டு வந்ததும் காதுக்குள்ளே 'ங்ஙொய்' என்று இரைகிறதே, பஞ்சு வைத்த மாதிரி அடைக்கிறதே, அதுதான் புல் படுத்த நேரம்.

முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸுக்குக் கிட்டவுள்ள மேல் சுருதிகள். பேச்சில் 'ச', 'ஸ' மாதிரி எழுத்துக்களின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனபடியால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று விளங்காது. ஆம்பிளைக் குரல் கேட்கும், சின்னப் பிள்ளையின் குரல் நழுவிப்போகும். "கத்தாத, எனக்குக் கேக்குது, வெளங்குற மாதிரி பேசு" என்று வீட்டில் யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

இது நம்முடைய தோட்டத்துக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை. ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் தோமஸ் பார் என்ற காது வைத்தியர் 1886இல் கொதிகலன் செய்கிற 100 தொழிலாளரைச் சோதித்தார். அந்தக் காலத்தில் மீட்டர் ஏது? கைக்கடிகாரம் வராத காலத்துப் பொக்கட் கடிகாரத்தைக் காதருகே பிடித்து, எவ்வளவு தூரத்தில் இருந்து 'டிக் டிக்' கேட்கிறது என்று பார்த்தார். கூட்டத்தில் பேசுவது விளங்குகிறதா என்றும் கேட்டார். முக்கால்வாசிப் பேருக்கு அது கஷ்டமாகவோ முடியாததாகவோ இருந்தது. தபால் கொண்டு போகிறவர்கள் 100 பேரையும் சோதித்தார், அவர்களில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். வயசுதான் காரணம் என்று தட்டிக்கழிக்க முடியாமல் போனது.

அளக்கும்போதும் கவனம் வேண்டும். மீட்டரைக் கொண்டுவந்தவர் வாசலில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அது வாசலுடைய அளவு. ரோலருக்கும் சிப்டருக்கும் பக்கத்தில், வேலை செய்கிறவருடைய காது இருக்கும் இடத்தில் மைக்கைப் பிடிக்க வேண்டும். மீட்டரில் 'ஏ' என்று ஒரு தெரிவு உண்டு, மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதி குறைவாகக் கேட்பதைச் சரிக்கட்டி அளப்பது அதுதான். ஒரு நிமிசம் பார்த்தால் போதாது. இலை வாட்டும் தட்டுக்குக் கீழே காத்தாடி ஓடுகிற நேரம், ரோலர் ஓடுகிற நேரம், தூள் சலிக்கிற நேரம் எல்லாவற்றையும் நேரக் கணக்கோடு சேர்க்க வேண்டும். தம்பிமார் போனில் உள்ள மீட்டரைக் காட்டினார்கள். உத்தேசம் பார்க்க உதவும், ஆனால் போனுக்குப் போன் எண் மாறும். அதை வைத்துக்கொண்டு துரையிடம் வழக்குப் பேச முடியாது.

போனும் மீட்டரும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்கிற ஆளிடம் கத்தினால்தான் விளங்கும் என்றால் அங்கே ஏறக்குறைய 85 இருக்கும். ஒரு மீற்றரில், அதாவது கை நீட்டிச் சற்றுத் தள்ளி நிற்கிறவரிடமே கத்த வேண்டும் என்றால் 90 அளவில் இருக்கும். தூள் சலிக்கிற அக்காமார் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்? கை ஜாடையில்! நீங்களே சிரிக்கிறீர்கள்.

இனி அதிர்வு. மெஷின் சத்தம் போடுவதற்கு முந்தி அதிர்கிறது. ஆணி லூசாக இருந்தால், பெயாரிங் தேய்ந்திருந்தால், அடியில் வைத்த ரப்பர் செத்துப்போயிருந்தால் அதிர்வு கூடும், சத்தமும் கூடும். நல்ல பிட்டர் நீளமான ஸ்குரூ டிரைவரைப் பெயாரிங் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டே எது தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். அந்தப் பிட்டரின் காதும் போனால் மெஷினுக்கும் வைத்தியர் இல்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது காதுக்கு அடைப்பு இல்லை, மெஷினுக்குப் பராமரிப்பு. எங்களுடைய அபிப்பிராயம் இது, நிர்வாகத்திடமும் சொல்லியிருக்கிறோம்.

கையால் பிடித்து வேலை செய்கிற மெஷினில் அதிர்வு நேரே விரலுக்குப் போகிறது. புல் வெட்டுகிற மெஷின், மரம் அறுக்கிற செயின் ஸோ பிடிக்கிற தம்பிமார் கேளுங்கள். 1918இல் அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றுச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களை அலிஸ் ஹமில்டன் என்ற பெண் டாக்டர் போய்ப் பார்த்தா. குளிர் காலையில் அவர்களுடைய விரல்கள் வெள்ளை வெளேரென்று மரத்துப்போயிருந்தன. நம்முடைய மலைக் குளிரில் அது வர வழி இல்லையா? இந்த அதிர்வையும் அளக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 2.5 என்ற அளவைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்த 2.5 எட்டு மணித்தியாலத்துக்கு. அதிர்வு 5 என்றால் இரண்டு மணித்தியாலத்திலேயே அதே பாரம் வந்துவிடும். ஆளை மாற்றி மாற்றி விட வேண்டும், கை சூடாக இருக்க வேண்டும், விரல் நுனி வெளுத்தால் மறைக்காமல் டிஸ்பென்சரிக்கு வர வேண்டும்.

காதடைப்பைப் பற்றி. பஞ்சு வைப்பதில் பிரயோசனம் மிகக் குறைவு. நுரை அடைப்பை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மற்றக் கையால் காது மடலை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரைக்கும் விரலால் பிடித்திருக்க வேண்டும். தூள் பட்ட கையால் உருட்டாதீர்கள். எட்டு மணித்தியால வேலையில் வெறும் 48 நிமிசம் கழற்றிப் பொக்கட்டில் போட்டாலும், எவ்வளவு விலை கூடிய அடைப்பானாலும் மொத்தத்தில் 10 டெசிபலுக்கு மேல் குறையாது. "வெத்தில போடுற நேரம் மட்டுந்தான் கழட்டினேன்" என்று ஒரு மாமா சொன்னார். மாமா எத்தனை தடவை வெற்றிலை போடுகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

கோயில் லவுட்ஸ்பீக்கரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு 2007இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இருக்கிறது. பொதுவாக இரவு 10 மணிக்குப் பிறகு காலை 6 மணி வரைக்கும் அனுமதி இல்லை. பிள்ளைகள் பொக்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்று ஆடுகிறார்களே, அதைத் தாய்மார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமி எட்டி நின்றாலும் கேட்பார்.

கடைசியாக, காதுப் பரிசோதனைக்குப் பெயர் கொடுப்பவர்களுக்கு ஒரு விசயம். சத்தத்தில் இருந்து வெளியே வந்து குறைந்தது 14 மணித்தியாலம் காது ஆற வேண்டும், அப்போதுதான் சரியான அளவு தெரியும். இரவு வேலை முடித்துக்கொண்டு நேரே பரிசோதனைக்கு வந்தால் களைத்த காதைத்தான் அளப்போம். ஆகவே லீவு நாளுக்கு அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போக முந்தி வாருங்கள். பெயரை டிஸ்பென்சரியில் எழுதிக்கொள்கிறார்கள். புருசன்மார் மறந்தால் சம்சாரம் வந்து எழுதலாம், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இனித் தேத்தண்ணி வருகிறது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.