கதிரவனின் நெருப்பும் நம் பொறுமையும்



மார்கழிக் காலையில் புணே நகரத்து மொட்டைமாடிகளில் வெயில் காயும் நம்மவர்க்கு, அவ்வெயிலின் பிறப்பிடத்தை ஆராய்வோர் இந்நகரிலேயே உள்ளனர் என்பது மகிழ்ச்சி தரும். பல்கலைக்கழக வளாகத்தில் ஜயந்த் நார்லீகர் 1988-ல் தோற்றுவித்த வானியல் மையத்தையே குறிப்பிடுகிறோம். அங்குள்ள பேரரங்கம், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விஞ்ஞானி சந்திரசேகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 செப்டம்பரில் விண்ணேகிய ஆதித்யா எல்-1 கலத்திலிருந்து சூரியனைப் புற ஊதாக் கதிர்களில் படமெடுக்கும் தொலைநோக்கியும் இம்மையத்தார் உருவாக்கியதே.

கதிரவனின் நடுவில் வெப்பம் ஏறத்தாழ 1½ கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. விநாடிதோறும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் பொருள் சக்தியாகிவிடுகிறது. ஆயினும் இது மிக மெதுவான நெருப்பே! கதிரவனின் நடுப்பொருளில் ஒரு படி அளவு தரும் வெப்பம், மனித உடலில் ஒரு படி அளவு தரும் வெப்பத்தைவிடக் குறைவு. அவன் சுடர்வது பேருருவத்தால். சிதறாமல் நிற்பது தன் பளுவால்.

தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் மின்சாரம் பெறுவது அணுக்கருவைப் பிளந்து. இணைத்துப் பெறுவதோ அரிது. கதிரவனின் பளு நம்மிடம் இல்லாமையால், ஹைட்ரஜனின் கன வகைகளை 10 கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் ஏது? காந்தப் புலத்தையே பாத்திரமாக்குகின்றனர் விஞ்ஞானிகள். காந்திநகர் அருகே 'ஆதித்யா' என்னும் கருவி 1989-ல் இயங்கத் தொடங்கியது. பிரான்சில் எழுந்துவரும் 'ஈட்டர்' உலையிலும் பாரதம் பங்கு கொண்டுள்ளது.

இச்சக்தியைக் கட்டுப்படுத்தும் வழி இருபது ஆண்டுகளில் கைகூடும் என்று 1955-ல் ஜெனீவா மாநாட்டுத் தலைவர் ஹோமி பாபா முன்னுரைத்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் ஒரு வீட்டு விளக்கேனும் அதனால் எரியவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த சோதனையில், எரிபொருளின்மீது பாய்ச்சிய லேசர் சக்தியைப்போல் 1½ மடங்கு கிடைத்தது. ஆனால் அந்த லேசர்களை இயக்கச் செலவான மின்சாரமோ, கிடைத்ததைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு.

பாபாவின் கணக்குத் தவறிற்று. எனினும் முயற்சி வீணன்று. அது கனியும்வரை, நம் மாடிகளில் நாள்தோறும் விழும் வெயிலும் அதே இணைவின் கொடை என்பதை மறவாது, அதனை மின்சாரமாக்கிப் பயன் கொள்வோமாக.