தேர்வச்சமும் நகைச்சுவையும்



தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்துவரும் எமது இல்லத்தில், 2024 ஆம் ஆண்டுக் குளிர்காலத் தொடக்கத்தில், இரவு பத்து மணிக்கு மேல் நாள்தோறும் சிரிப்பொலி எழுந்துகொண்டிருந்தது. சட்டப் படிப்பை முடித்த எம் அண்ணன் மகளும் அவளுடைய நண்பர் மூவரும் முன்னறையில் அமர்ந்து, டிசம்பரில் வரவிருந்த அகில இந்திய வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துவந்தனர். படிக்கும் இடத்தில் சிரிப்பு எதற்கு என்று நாம் முதலில் முகஞ்சுளித்தோம். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம். மாறிய வகையையே இன்று கூற விழைகின்றோம்.

இத்தேர்வு வெறுஞ் சடங்கன்று. பட்டம் பெற்று, 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி பெயரைப் பதிவு செய்துகொண்டவரும், இதில் தேறினாலன்றித் தொழிலைத் தொடர்ந்து நடத்த இயலாது. இது முதன்முறையாக 2011 மார்ச்சுத் திங்களில் நடைபெற்றது. இதனை நடத்த இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டென, உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வினாக்கள் 100. பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 45 பெற்றாக வேண்டும். சட்டங்களின் மூலப் பாடத்தை உடன்கொண்டு செல்லலாம்; விளக்கக் குறிப்புகள் கூடா. "நூல் கையிலிருக்க அச்சமேன்?" என்று வினவுவார் உளர். ஊர்ப்பெயர்ப் பட்டியல் கையிலிருந்தால் வழி தெரிந்துவிடுமா?

அவ்வாண்டு மற்றுமொரு சுமையும் சேர்ந்தது. 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் விலகி, 2024 சூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. முன்னதில் 511 பிரிவுகள், பின்னதில் 358. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துமாதலின், இரண்டையும் அறிந்தாக வேண்டும். கொலைக்குத் தண்டனை கூறும் 302, இப்போது 103 ஆயிற்று. எம் அலுவலகத்திலும் பழைய எண்களே கைப்பழக்கத்தால் தாளில் விழுந்துகொண்டிருந்தன.

ஒருநாள் சிரிப்பின் காரணத்தை வினவினோம். "சித்தப்பா, ஏமாற்றுக்காரனுக்கு இனி வீடே இல்லை" என்றாள் அண்ணன் மகள். ஏமாற்றுக்காரனை நாடு முழுவதும் 420 என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 1955 இல் ராஜ் கபூர் 'ஸ்ரீ 420' என்றே திரைப்படம் எடுத்தார். புதிய சட்டமோ 358 இல் முடிந்துவிடுகின்றது. ஏமாற்று 318 இல் குடியேறியது. "பெயரை மாற்றிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறான், இதற்கும் வழக்குத் தொடரலாமா?" என்று நண்பரொருவர் கேட்க, நாமும் சிரித்துவிட்டோம். அன்று மனத்திற் பதிந்த 318 எமக்கே இன்னும் மறக்கவில்லை.

ஆயினும் நால்வருள் ஓர் இளைஞர் சிரிப்பதில்லை. அவர் முந்தைய ஆண்டின் தேர்வில் தவறியவர். ஊரில் தந்தையார் சிறு கடை வைத்திருப்பவர். கடன் வாங்கிப் படிக்கவைத்தவர். தோல்வியை அவருக்கு அறிவிக்க மகனுக்கு நா எழவில்லை. "முடிவு வரவில்லை" என்றே பல மாதங்கள் கடத்தினார். பொய்யின் சுமை தோல்வியினும் பெரிதாயிற்று. ஓரிரவு மற்றவர் ஒத்திவைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருக்கையில் அவர் மெல்லச் சொன்னார்: "நான் தோற்கவில்லை, வாய்தா வாங்கியிருக்கிறேன்." அறை குலுங்கியது. அவரும் சிரித்தார், கண் கலங்கினார். அன்றிரவே தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையை உரைத்தார். "அதற்கென்ன, அடுத்த வாய்தாவுக்குத் தவறாமல் போ" என்றாராம் அத்தந்தை. எத்தனை முறை வேண்டுமாயினும் எழுதத்தக்க தேர்வு அது என்பதை அம்மகன் அதுகாறும் மறந்தேயிருந்தார்.

நகைச்சுவை செய்த பணி இதுவே. அது வினாவின் விடையைத் தரவில்லை. மறைத்ததை வெளியே சொல்லும் துணிவைத் தந்தது.

காந்தியடிகளின் வாழ்வும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. இலண்டனில் தேறி, 1891 சூன் 10 ஆம் நாள் அவர் பாரிஸ்டரானார். அங்கு அந்நாளில் தேர்வினும் விருந்துண்பதே பெரிதாக இருந்ததை அவர் தம் வரலாற்றில் எள்ளலோடு எழுதியுள்ளார். பம்பாயில் முதல் வழக்கில் வினவ எழுந்தபோது அவருக்குத் தலை சுற்றியது, ஒரு வினாவும் தோன்றவில்லை, அமர்ந்துவிட்டார். தேர்வில் தேறினாலும் அச்சம் விடைபெறுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவர் அதனை மறைக்கவில்லை, உலகறிய எழுதிவைத்தார்.

பிறர் தோல்வியை நகைப்பது வேறு. தம் அச்சத்தைத் தாமே நகைப்பது வேறு. முன்னது புண்படுத்தும், பின்னது புண்ணை ஆற்றும். நாளை நடுங்கிய நெஞ்சோடு தம்மிடம் வரும் கட்சிக்காரரின் துயரை அறிய, தாமும் ஒருகால் நடுங்கியவராயிருத்தல் நல்லது. ஆதலின், தேர்வெழுதும் பிள்ளைகளின் அறையிலிருந்து சிரிப்பொலி எழுமாயின், பெற்றோர்களே, கடிந்துகொள்ள விரையாதீர். இயலுமாயின் ஒரு குவளைத் தேநீருடன் உள்ளே செல்லுங்கள். அமைதியாய் ஒதுங்கியிருப்பவர் எவரேனும் அங்கு உளரா என்று பாருங்கள். முதற் குவளையை அவருக்கே கொடுங்கள்.